ஒத்துப்போகாத கையெழுத்து

இளவழகன் வேலை பார்த்த நாட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்தே வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யலாம்; அவன் இறந்துபோன வருடத்துக்கும் அப்படித்தான். அங்கிருந்த கணக்காளர் அனுப்பிய தாளில் ஊரில் இருந்த அவன் மனைவி பூங்கோதை கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். மறுநாளே அவர் கூப்பிட்டார்.

"தமிழ்ல போட்டிருக்கீங்களேம்மா. வருஷா வருஷம் இங்கிலீஷ்லதானே போடுவீங்க?"

"நானா? இந்தத் தாளையே இப்பத்தான் பாக்குறேன் சார்."

அவர் பழைய தாள்களைக் கைப்பேசிக்கு அனுப்பினார். எல்லாவற்றிலும் அவள் பெயர் ஆங்கிலத்தில் சாய்ந்து கிடந்தது. கடைசி எழுத்தில் நீண்ட வால். அந்த வால் இளவழகனுடையது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவள் தினமும் தமிழில் கையெழுத்துப் போடுகிறவள் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் கேட்டதும் இல்லை.

"பழசோட ஒத்துப்போகலைன்னா நீங்கதான் சம்சாரமான்னு வரி ஆபீஸ்ல கேப்பாங்கம்மா. அதே மாதிரி ஒண்ணு போட்டுடுங்க."

"அப்ப நான் போட்டதுதான் கள்ளக் கையெழுத்தா சார்?"

பதினாறாம் நாள் காரியத்துக்கு அடித்து மிஞ்சிய பத்திரிகைகளைத் திருப்பிப் போட்டுப் பூங்கோதை எழுதிப் பழகினாள். பெயர் சீக்கிரமே வந்துவிட்டது. அந்த வால் மட்டும் வரவில்லை.