பாப்பரசர் கட்சி

“சரித்திரம் எண்டு பேர் வச்சிட்டு இங்க ஞானோபதேசம் நடக்குதாம். கல்விக் கந்தோருக்கு முறைப்பாடு வந்திருக்கு, சிஸ்டர்.”

வித்தியாதிகாரி மரியநாயகம் நனைந்த குடையை மடக்கியபடியே வகுப்பு வாசலில் நின்று சொன்னார். பதுளையில் விடிந்ததிலிருந்தே மழை. மனிதர் யாழ்ப்பாணத்துக்காரர், வந்த விஷயத்தை வணக்கத்துக்கு முன்பே போட்டு உடைக்கிற ரகம்.

சிஸ்டர் கொன்சலாத்தா கையிலிருந்த சரித்திரப் புத்தகத்தை மூடினார். “ஐரோப்பிய சரித்திரத்தைத் திருச்சபை இல்லாம எப்படிங்க ஐயா படிச்சுக் குடுக்கிறது? டிசம்பர்ல சோதனை எழுதணும். இப்பப் போயி பாடத்தை நிப்பாட்டினா இந்தப் பிள்ளைங்க கதி என்னங்க ஆகும்? லுணுகலையில இருந்தெல்லாம் பஸ் ஏறி வருதுங்க.”

“அதைப் பாக்கத்தானே வந்தனான். நீங்கள் ஒண்டும் கதையாதேங்கோ. பிள்ளையளிட்ட நானே கேக்கிறன்.”

வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாக அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். பொட்டு, வளையல் எதற்கும் அந்தக் கன்னியர் பாடசாலையில் இடமில்லை. யார் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்துச் சொல்ல முடியாது.

“இருங்கோ, இருங்கோ. முதல் பெஞ்சுப் பிள்ளை, நீர் சொல்லும். லூதர் கேட்டது நியாயம்தானே?”

“கேட்டது நியாயம்தான் சேர். பாவமன்னிப்புக்குத் திருச்சபை காசு வாங்கினது தப்புதான். அதுக்காக, வீட்டுல குப்பை கிடக்குன்னு வீட்டையே விட்டுட்டுப் போறதா? கூட்டி அள்ளணும் சேர். திரெந்து நகரத்துல ஆயர்மார் எல்லாம் கூடி அதைத்தானே செஞ்சாங்க!”

மரியநாயகம் புருவத்தை உயர்த்தினார். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார். “எட்டாம் ஹென்றி?”

“அந்த ராசாவுக்குப் புதுப் பொண்டாட்டி வேணும் சேர். பாப்பரசர் மாட்டேன்னுட்டாரு. உடனே திருச்சபைக்கே தான்தான் தலைவர்னு சொல்லிக்கிட்டாரு. கேக்கிறதுக்கு ஆளில்லைன்னா இப்படித்தான் சேர்!”

வகுப்பு கலகலவென்று சிரித்தது.

“சரி, கலிலியோ?”

சிரிப்பு நின்றது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் மெதுவாக வந்தது. “அது ஒண்ணுலதான் சேர் நாங்க வாயைத் திறக்கிறதில்ல.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உத்தியோகத்துக்குப் பொருந்தாது என்று அதை இருமலாக்கி முடித்தார்.

“நல்லாப் படிப்பிச்சிருக்கிறியள், சிஸ்டர். நானும் ஞாயிறு பூசை தவறாதவன், எனக்குச் சந்தோசம்தான். ஆனா இது முழுக்க எங்கட பக்கம் நிண்டு படிப்பிக்கிற பாடம். முறைப்பாட்டில உண்மை இருக்கு.”

“பாடத்தை மூடிறாதீங்க ஐயா.” சிஸ்டர் ஓரடி முன்னால் வந்தார்.

“மூடச் சொல்லேல்லை. தாராளமா நடத்துங்கோ. கத்தோலிக்கப் பிள்ளையளுக்கு மட்டும். மற்றச் சமயப் பிள்ளையள் ஆரும் இருந்தா வெளிய போகவேணும். அதுதான் சட்டம்.”

“ஐயா, அதுல ஒரு விஷயம் சொல்லணுங்க...”

“சட்டத்தில கதைக்க என்ன இருக்கு?” அவர் வகுப்பின் பக்கம் திரும்பினார். “பிள்ளையள், கத்தோலிக்கர் இல்லாத ஆக்கள் எழும்பி வெளிய போங்கோ. பயப்பிடாதேங்கோ, உங்கட நன்மைக்குத்தான்.”

ஹென்றியை வாங்கு வாங்கென்று வாங்கியவள் முதலில் எழுந்தாள். “வா பாக்கியலெட்சுமி,” என்று லூதரோடு மல்லுக்கு நின்றவளைக் கூப்பிட்டாள். “நளீரா, நீ போ, நான் வாறேன்,” என்று அவளும் புத்தகங்களை அடுக்கினாள். அடுத்த பெஞ்சு எழுந்தது. அதற்கடுத்ததும் எழுந்தது. கலிலியோக்காரி கடைசியாகப் போய்க் கதவை மெல்லச் சாத்தினாள். வகுப்பில் ஒரு பிள்ளையும் மிஞ்சவில்லை.

மரியநாயகம் காலி பெஞ்சுகளைப் பார்த்தபடி நின்றார். “அப்ப... கத்தோலிக்கப் பிள்ளையள் எங்க, சிஸ்டர்?”

“சின்னதுல இருந்து கேட்ட கதைதானேன்னு அவங்க எல்லாரும் தையல் பாடம் எடுத்துட்டாங்க ஐயா,” என்ற சிஸ்டர், முதல் பெஞ்சைக் கை காட்டினார். “உக்காருங்க. சட்டப்படி இனி இந்தப் பாடத்தை உங்க ஒருத்தருக்குத்தான் நான் நடத்தலாம்.”