மருந்து வாசனை

“மாமி, மறைக்காம சொல்லுங்க. நேத்துலேர்ந்து மாமா வேற என்ன சாப்பிட்டார்?”

டாக்டர் ரெனிட்டா இப்படிக் கேட்டதும் விஜயலக்ஷ்மி கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதில் அவள் கணவர் சுப்பராமன் செக்கச்செவேலென்று, மார்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக, ஊசி குத்தாத கையால் உடம்பைப் பிறாண்டிக்கொண்டிருந்தார்.

“அதான் சொன்னேனே. பல்வலின்னு மயிலாப்பூர்ல ஒரு அட்டை மாத்திரை, மாம்பலத்துல ஒரு அட்டை, என் கைப்பையிலேர்ந்து ஒரு அட்டை. பேர்தான் வேற வேற. உள்ள எல்லாம் ஒரே பாராசிட்டமால்னு அவருக்கென்ன தெரியும்?”

“அது கல்லீரலைக் கெடுத்துடக் கூடாதுன்னுதான் மாற்று மருந்து ஏத்தறோம். ஏத்தி அரை மணியில இந்த அரிப்பு. சாப்பாடு எதுவும் ஒத்துக்கலையான்னும் பார்க்கணுமே.”

வெங்காயம் நறுக்கின கத்தியையே தனியாக வைக்கச் சொல்கிற மனுஷர். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மனுஷரே போய்விடுவாரோ?

விஜயலக்ஷ்மி டாக்டரைக் கதவோரம் இழுத்துக்கொண்டு போனாள்.

“நேத்து அவர் பொறந்த நாள். கடையில எக்லெஸ் கேக் தீர்ந்துபோயிடுத்து. பல்வலில மெத்துன்னு ஏதாவது சாப்பிடட்டுமேன்னு முட்டை போட்டதை வாங்கிண்டு வந்து, எக்லெஸ்னு சொல்லிட்டேன். வருஷா வருஷம் ஒரு துண்டோட போதும்பார். நேத்துன்னு பார்த்து நாலு துண்டு! எல்லாம் என்னாலதான்.”

ரெனிட்டா சிரிப்பை விழுங்கினாள். “நேத்து தின்ன கேக்குக்கு இன்னைக்கா மாமி தடிக்கும்? இது இந்த மருந்தே சில பேருக்குப் பண்ற சேட்டை. கொஞ்சம் நிறுத்தி, அரிப்புக்கு ஊசி போட்டுட்டு, மெதுவா ஏத்தினா சரியாயிடும்.”

சொன்னபடியே சிவப்பு வடிந்தது. விஜயலக்ஷ்மிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே பயமும் வந்தது.

“கேக் விஷயம் அவர் காதுக்குப் போயிடக் கூடாதும்மா.”

“போகாது மாமி.”

புது பாட்டிலில் மருந்தைக் கலந்து மாட்டினார்கள். சுப்பராமன் மூக்கைச் சுளித்தார்.

“என்னம்மா இது, இப்படி நாறறது?”

“இந்த மருந்தே அப்படித்தான் மாமா. முட்டை வாசனை அடிக்கும்.”

போச்சு! விஜயலக்ஷ்மி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“முட்டை வாசனையா, இதுவா?” சுப்பராமன் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். “யார் சொன்னா? நேத்து கேக்குல கமகமன்னு வந்துதே, அதுக்குப் பேர்தாம்மா முட்டை வாசனை!”