மூன்றாவது தடவையும் அண்ணாச்சி

"அண்ணாச்சி, இந்தத் தடவையும் நீங்கதான் நிக்கணும். நான் தோத்துக்கிடுதேன்!"

பால்வண்ணநாதனின் காலைப் பிடித்துக்கொண்டு கதறியது அவர் கட்சித் தொண்டன் அல்ல. இரண்டு தேர்தலில் அவரை எதிர்த்து நின்று டெபாசிட்டைப் பறிகொடுத்த சிவசைலம்! எம்.எல்.ஏ. அவன் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்.

பம்பாயில் ஆர்க்கிடெக்ட் படிப்பு முடித்தவர் அவர். சட்டசபையில் பத்து வருஷம் கை தூக்கித் தூக்கி, பென்சில் பிடிக்கவே மறந்துபோயிற்று. 'அறுபத்திரண்டாம் வருஷத் தேர்தலில் நிற்கமாட்டேன், ஊரோடு இருந்து தொழிலைப் பார்க்கப் போகிறேன்' என்று நேற்றுத்தான் அறிவித்தார். அவ்வளவுதான், தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

ஜன்னல் வழியே பார்த்தார். ஆடிச் சாரலில் பெருங்கூட்டம். அவர் தாமே பிளான் போட்டுக் கட்டிய வீட்டுக்குள் வேறு ஒருத்தரும் வரவில்லை, எதிர்த்த ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் ஒண்டி நின்றார்கள். அடடா, என்ன மரியாதை!

"அழாதடே. நான் இங்கன இருக்கும்போது எவனாவது வெளியூர்க்காரன்ட்ட பிளான் வாங்குவானா?"

"அது மொறையில்லல்லா அண்ணாச்சி. உங்ககிட்டதான் வந்தாகணும்."

"பொறவென்ன? நீ மவளுக்குக் கட்டப்போற வீட்டுக்குத்தான் மொதப் பிளான். ஓசியிலயே போட்டுத் தாரேன்."

சிவசைலத்தின் அழுகை இரட்டிப்பானது. நன்றியுள்ள மனுஷன்!

பால்வண்ணநாதனின் உச்சந்தலையில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். குற்றாலத்துச் சாரல் யாரைத்தான் விட்டது?

"நான் நின்னா நீயும்லா நிக்கணும்? ஒன் கட்சி சும்மா விடுமா?"

"நிப்பேன். ஆனா எனக்கு நானே ஓட்டுப் போடமாட்டேன். எம் பொண்டாட்டி மேல சத்தியம்!"

அவருக்கும் கண் கலங்கிவிட்டது. பரம எதிரியே இப்படிக் கெஞ்சும்போது பென்சிலாவது, ஸ்கேலாவது!

"சரிடே, நிக்கேன். இன்னும் அஞ்சு வருஷம் மெட்ராஸ்லயே கெடந்து உங்களுக்காவ ஒழைக்கேன்."

சிவசைலம் ஒரே பாய்ச்சலில் தெருவுக்கு ஓடினான். கூட்டத்தைப் பார்த்து அவன் போட்ட கூச்சல், ஜன்னல் வழியே நன்றாகவே கேட்டது.

"ஏலே, அண்ணாச்சி மெட்ராஸுக்கே போறாவ! இனி எல்லாரும் பயப்படாம வீடு கட்டுங்கலே!"