சாட்டிலைட் பேசிய நாள்

கல்லூரி லேபிலிருந்து கிளம்பி, திருவானைக்காவல் நெரிசலைத் தாண்டி ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்த பேராசிரியர் சாரங்கபாணி செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலுக்கே வந்துவிட்டாள் மனைவி வைஜயந்தி.

"உங்க சாட்டிலைட் பேசிடுத்தாமே! உங்க ஸ்டூடண்ட் ஜாஹ்னவி போன் பண்ணினா. லேப்ல பசங்கள்லாம் ஆடிண்டிருக்காளாம்."

"ம்."

"மேல போனதுலேர்ந்து ஊமையா இருந்தது, நீங்க ரிட்டயர் ஆறதுக்குள்ள வாயைத் திறந்துடுத்து. அக்காரவடிசல் பண்ணி பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணியாச்சு. உக்காருங்கோ."

அவர் கிண்ணத்தை வாங்கி மெதுவாகச் சாப்பிட்டார்.

"ஏன்னா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"ஒரே ராக்கெட்ல எட்டு காலேஜோட சாட்டிலைட் போச்சு. பீப் சத்தம் கேட்டதுமே பசங்க குதிச்சா. அந்த பீப்புக்குள்ள அனுப்பறது யாருங்கற பேரும் இருக்கும். அவா வெளியில போனப்புறம் பிரிச்சுப் பார்த்தேன். அது நம்மளது இல்லை. வேற காலேஜோடது. செத்துப்போச்சுன்னு அவா கைவிட்டது."

வைஜயந்தி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவாகிட்ட சொல்லிட்டேளா?"

"உடனே சொல்லிட்டேன். அந்த ப்ரொபசர் போன்லயே அழுதுட்டார். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வெளியில சொல்லாதீங்கன்னு கேட்டுண்டேன்."

"ஏன்?"

"பசங்க இன்னும் ஆடிண்டிருக்கா. நாளைக்குச் சொல்லிக்கறேன்."

காலிக் கிண்ணத்தை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடு. ஜாஹ்னவி மறுபடியும் போன் பண்ணினா, சார் ரெண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்னு சொல்லு."