நான்காம் அத்தியாயம்

"ஃப்ளாஷ் போட்டு எடுத்தா எல்லாம் வெளுத்துத்தான் போகும்" என்றார் கணவர்.

புகைப்படக் கலை பற்றி அவர் எழுதிய புத்தகம் மூன்றாம் பதிப்பு கண்டிருந்தது. ஊரே படித்த புத்தகத்தில் கட்டிய மனைவி இன்றுதான் முதல்முறையாகச் சந்தேகம் கேட்கிறாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"கன்னிப்போன தக்காளியை எடுத்தேங்க. அந்தக் கறுப்பு சரியாவே விழல."

"எடுக்கறதுக்கு உனக்குன்னு கிடைச்சுது பாரு, அழுகின தக்காளி!" என்று சிரித்தார். "ஜன்னல் வெளிச்சத்துல எடு. எவ்வளவு பெரிசுன்னு புரியணும்னா பக்கத்துல ஒரு காசை வை. நாலாம் அத்தியாயத்துல எல்லாம் எழுதியிருக்கேன்."

"பார்க்கிறவங்க நம்புவாங்களா?"

"மனுஷன் ஆயிரம் சொல்லுவான். படம் பொய் சொல்லாதுடி."

அவள் தலையாட்டிவிட்டு, முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் வக்கீலம்மாவின் மேசையில் அந்தப் படங்கள் வரிசையாகக் கிடந்தன. மேல்கையில் ஐந்து விரல்களும் பதிந்த கறுப்புத் தடம். தொடையில் பெல்ட் விழுந்த வரி. ஒவ்வொரு காயத்தின் பக்கத்திலும் ஒரு காசு.

"என் சர்வீஸ்ல இவ்வளவு தெளிவா யாருமே கொண்டு வந்ததில்ல" என்றார் வக்கீலம்மா. "யாரும்மா எடுத்தது?"

"நான்தான் மேடம்."

அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். பின்னட்டையில் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எப்படி எடுக்கணும்னு அடிச்சவரேதான் சொல்லிக்கொடுத்தார்."