அரைப் பாட்டில் ஸ்பிரிட்

“கைய மோந்து பாருங்க மேடம். ஸ்பிரிட் வாடை தூக்குது!”

இளஞ்செழியன் சார் சொன்னதில் பொய்யில்லை. அனிட்டாவின் விரல்களில் ஸ்பிரிட் வாடை அடித்தது. துறைத்தலைவி ஆனந்தமேரி மோந்து பார்த்துவிட்டு அந்தக் கையை உதறிவிட்டார்.

மேசை நடுவில் பழுப்பு நிறப் பாட்டில் நின்றது. காலையில் கழுத்துவரை இருந்த ஸ்பிரிட், சாப்பாட்டு நேரம் முடிந்து பார்த்தபோது பாதிக்கும் கீழே போயிருந்தது.

“ஸ்பிரிட் அலமாரி சாவிய காலையில யார்கிட்ட குடுத்தேன்?”

“எங்கிட்டதான் மேடம். வேலை முடிஞ்சதும் பூட்டி, உங்ககிட்டயே குடுத்துட்டுதான் சாப்புடப் போனேன்.”

“பூட்டறதுக்கு முன்னாடி எவ்ளோ ஊத்திக்கினியோ, யாரு கண்டா?” என்றார் சார். ஆய்வகத்துக்கு அவர்தான் பொறுப்பு. ஒரு வாரமாகப் பல்வலி என்று கிராம்பை மென்றுகொண்டே இருந்தார். இப்போதும் ஜன்னலோரமாகத் தள்ளி நின்றுதான் பேசினார்.

அனிட்டா வேதியியல் மூன்றாம் ஆண்டு. கல்வராயன் மலையில் பொறுக்கி வந்த எட்டிக்கொட்டையிலிருந்து ஆல்கலாய்டு என்னும் நச்சுச் சத்தைப் பிரித்தெடுப்பது அவளுடைய புராஜெக்ட். கொட்டையை இடித்து, சுண்ணாம்பு கலந்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிகட்டி, மறுபடி ஊறவைத்து என்று அந்தப் பருவம் முழுக்க அதிலேயே போயிருந்தது. இடிக்கும்போது பறக்கும் தூசி உதட்டில் பட்டால் அன்றைக்குச் சாப்பிடும் சோறெல்லாம் கசக்கும்.

மறுநாள் வெளித்தேர்வாளர் வருகிறார். துறைத்தலைவி கையெழுத்துப் போடாவிட்டால் புராஜெக்ட் இல்லை. புராஜெக்ட் இல்லாவிட்டால் பட்டமும் இல்லை.

“புராஜெக்டுக்குத்தான் எடுத்தேன் மேடம். ஒரு பீக்கர். அவ்ளோதான்.”

“ஒரு பீக்கர்ல பாதி பாட்டில் காலியாவுமா? யாருக்குக் குடுத்தே?”

சார் சிரித்தார். “யாருக்கா? நல்லா கேட்டீங்க மேடம். கச்சிராயபாளையத்துல கரும்பு வெட்டற சவரிமுத்து பொண்ணு இவ. அந்தாளு எந்தக் கடை வாசல்ல உழுந்து கெடப்பான்னு டவுன் பஸ் கண்டக்டருக்கே தெரியும். இன்னிக்கி சாப்பாட்டு நேரத்துல கேட்டாண்ட நின்னுக்கினு இருந்தான். நானே பாத்தேன்.”

“சோத்து டப்பாவ வூட்லயே வுட்டுட்டு வந்துட்டேன் சார். அதக் குடுக்க வந்தாரு.”

“டப்பா உள்ள வந்துது. திரும்பிப் போவும்போது இன்னா போச்சி?”

“எங்கப்பா குடிய வுட்டுட்டாரு சார்.”

“ஆமா, கடைச் சரக்க வுட்டுட்டாரு. காலேஜ் சரக்குக்கு மாறிட்டாரு.”

அனிட்டாவுக்குக் கண் நிறைந்தது. ஆனால் அழவில்லை.

ஆனந்தமேரி கைப்பேசியை எடுத்தார். “இந்த ஊர்ல ஸ்பிரிட் கணக்கு உதைச்சா இன்னா ஆவும்னு தெரியுமாடி உனக்கு? லைசென்ஸ் என் பேர்ல இருக்கு. போலீஸ் என் வூட்டு வாசல்ல வந்து நிக்கும். ஒழுங்கா ஒத்துக்கினா டிசியோட போயிடலாம். இல்லன்னா இப்பவே ஸ்டேஷனுக்குப் பேசறேன்.”

“டிசிய வாங்கிக்கினு கரும்பு வெட்டப் போவட்டும் மேடம். அதுக்கு ஸ்பிரிட்டும் வேணாம், பீக்கரும் வேணாம்,” என்றார் சார்.

அனிட்டா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“மேடம், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்.”

“அப்படி வா வழிக்கு!”

“கொட்டைத் தூள கடைசியா கழுவின ஸ்பிரிட்ட வைக்க வேற பாட்டில் காலியா இல்ல. அதான் இதுலயே திரும்ப ஊத்திட்டேன். நெறமே தெரியல. பரவாயில்லன்னு நெனச்சிட்டேன்.”

துறைத்தலைவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “எடுத்தத திரும்பப் பாட்டில்ல ஊத்தக்கூடாதுன்னு முதல் வருஷம் முதல் நாளே சொன்னேனா இல்லியா? அதுல எட்டி இறங்கியிருக்குமேடி! வெஷம்டி அது!”

“தெரியும் மேடம். நான் எடுக்கல. எடுத்தது யாருன்னும் எனக்குத் தெரியாது. ஆனா ஒரு டம்ளர் உள்ள போயிருந்தாலும் வலிப்பு வந்துரும். மொதல்ல கழுத்து இறுக்கும், அப்பறம் தாடை. அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்.”

ஆனந்தமேரி கைப்பேசியை மேசையில் போட்டார். “கடவுளே, எவன் குடிச்சான்னு எங்க போய்த் தேடுவேன்! சார், ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. எல்லா கிளாஸுக்கும் ஆள் அனுப்புங்க. சார்!”

சார் நகரவில்லை. கிராம்பு மெல்வது நின்றிருந்தது. நாக்கால் மேலுதட்டை ஒருமுறை, கீழுதட்டை ஒருமுறை தடவினார். எச்சிலை விழுங்கிப் பார்த்தார்.

பிறகு அவர் முகம் மலர்ந்தது. அன்றைக்கு முதன்முறையாக ஜன்னலை விட்டு மேசை அருகே வந்து, அனிட்டாவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார்.

“பொய் சொல்றா மேடம்! அது கசக்கவே இல்ல!”