வேலி தாண்டிய நீலம்

“இன்னைக்கும் வெட்டிட்டாங்க” என்றபடி தையல்காரம்மா உள்ளே வந்தாள். அவள் கையில் ஒரு நீலப் பூங்கொத்து துவண்டு தொங்கியது.

சவரம் செய்துகொண்டிருந்த கணவர் கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை. “எதை?”

“எதையா? இந்த வீட்ல வெட்டறதுக்கு என் சால்வியாச் செடியை விட்டா வேற என்ன இருக்கு? வேலிக்கு வெளிய ஒரு கிளை பாக்கியில்ல. மொட்டும் பூவுமா வழிச்செடுத்துட்டுப் போயிருக்காங்க.”

“விடேன். வெட்ட வெட்ட நல்லாத்தானே தழையுது.”

“உங்க தலைமுடியும்தான் தழையுது. அதுக்காகக் கண்டவன் வந்து கத்திரிக்கலாமா?”

அவர் ரேஸரை மறுபடி கன்னத்துக்குக் கொண்டுபோனார்.

விரல் நீளக் குச்சியாக வாங்கிவந்து நட்ட செடி அது. இரண்டு மழைக்காலத்துக்குள் ஆள் உயரம் எழும்பி, கட்டில் அகலத்துக்குப் படர்ந்துவிட்டது. நீலமென்றால் அப்படியொரு நீலம். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அளவு சொல்வதை மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தேனீக்கள் வந்துவிட்டால் அவளும் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பாள்.

யார் வேலை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர்.

போன மாதம் அவர்தான் வேலியருகே வந்து, “உங்க செடி நடைபாதையை அடைக்குதும்மா. கொஞ்சம் ஒதுக்கி விட்டீங்கன்னா நல்லது” என்றார்.

“உங்க கார் தெருவையே அடைக்குது டாக்டர். நான் ஏதாவது சொன்னேனா?”

“இல்லம்மா, நடந்து போறவங்களுக்கு...”

“நடந்து போறவங்க ஒதுங்கிப் போகட்டும். செடியால ஒதுங்க முடியாது.”

அவர் திரும்பிப் போய்விட்டார். அந்த வாரமே வெட்டு ஆரம்பித்தது. அதன்பின் வாரம் தவறவில்லை.

ஒவ்வொரு முறையும் வெட்டின இடத்தைக் குனிந்து பார்ப்பாள். அவசரத்தில் முறித்த முறிவு இல்லை. துணி கத்தரித்த மாதிரி ஒரே கோட்டில், சுத்தமாக. நிதானமாக நின்று செய்த வேலை. பயமில்லை, வெட்கமில்லை.

“நேராப் போய்க் கேட்டுடேன்” என்றார் கணவர்.

“கேட்டா இல்லைம்பார். கையும் களவுமாப் பிடிக்கணும்.”

அன்று சாயங்காலமே தெருக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் எழுதிப் போட்டாள்: ‘படித்தவர், பெரிய மனிதர் என்று நாம் நினைக்கிற ஒருவர் அடுத்தவர் வீட்டுச் செடியைத் திருட்டுத்தனமாக வெட்டுகிறார். வாய்க்குள் கைவிட்டுச் சம்பாதிக்கிறவருக்கு, கேட்டுச் செய்ய வாய் இல்லையா?’

பெயரே தேவைப்படவில்லை. ஆளாளுக்குக் கோப முகம் போட்டார்கள். டாக்டரும் படித்துவிட்டார். பதில் மட்டும் வரவில்லை.

“பாருங்க, எவ்வளவு அழுத்தம்” என்று கணவரிடம் பொருமினாள்.

அடுத்த வாரம் அதே கிழமை, விடிவதற்கு முன்பே எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். வெளிச்சம் பரவும்போது டாக்டர் வந்தார். கையில் செடி வெட்டும் கத்தரி, தோளில் ஒரு சாக்கு. சொந்தத் தோட்டம்போல ஒரு கிளையைத் தூக்கிப் பிடித்து நறுக்கினார்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். “ஊரார் பல்லைப் பிடுங்கறது போதாதுன்னு என் செடிக்கும் வந்துட்டீங்களா டாக்டர்?”

அவர் திடுக்கிட்டார். “கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா.”

“நான் ஏன் மெதுவாப் பேசணும்? திருட்டு வேலை பண்றது நீங்க.”

“அப்புறமா வந்து எல்லாம் சொல்றேன். இப்ப சத்தம் போடாதீங்க, ப்ளீஸ்.” அவர் பார்வை அவள்மேல் இல்லை. தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்ற பயம். வேறென்ன? அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

“மானம் போகுதோ? போகட்டும். நாலு பேர் வந்து பாக்கட்டும். பிள்ளை மாதிரி வளர்த்த செடி. போலீஸ் ஸ்டேஷன்ல வந்து பதில் சொல்லுங்க.”

“வர்றார்... அஞ்சு நிமிஷம் பேசாம இருங்கம்மா” என்று அவர் கிசுகிசுத்தார்.

டக், டக் என்று தரையில் ஏதோ தட்டும் சத்தம் நெருங்கியது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர், வெள்ளைக் கோலால் தட்டிக்கொண்டே வேலியோரமாக வந்தார். கடைசி வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர், ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர், பார்வை இல்லாதவர் என்று தையல்காரம்மா கேள்விப்பட்டிருக்கிறாள். விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர் என்பதால் பார்த்ததில்லை.

“டாக்டர் குரல் மாதிரி கேட்டுச்சே. கூட யாரு?”

டாக்டர் கத்தரியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். யாரிடமிருந்து ஒளிக்கிறோம் என்று யோசிக்கத் தோன்றவில்லை போலும். “இந்த வீட்டம்மா” என்றார்.

வந்தவர் முகம் மலர்ந்தது.

“உங்களைத்தாம்மா பாக்கணும்னு இருந்தேன். குடிவந்த புதுசுல உங்க செடி கன்னத்துல கீறிடுச்சு. பயந்து ரோட்ல இறங்கினேன், ஒரு வண்டி இடிச்சுத் தள்ளிட்டுப் போயிடுச்சு. டாக்டர்தான் தூக்கி விட்டார். உங்ககிட்ட சொல்றதாச் சொன்னார்.”

தையல்காரம்மா டாக்டரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

“அதுக்கப்புறம் ஒரு இலைகூட என் மேல பட்டதில்ல. ஆசை ஆசையா வளர்த்த செடியாம். விஷயத்தைச் சொன்னதுமே, மறுபேச்சுப் பேசாம வாராவாரம் உங்க கையாலேயே வெட்டி விடறீங்கன்னு டாக்டர் சொன்னார்.”